மார்பகப் புற்றுநோய் ஸ்டெம் செல்: செந்துறை மணி போன பாதையில் இப்போது போகலாமா?

#1 மைக்ரோபிப்பெட்

எல்லோருக்கும் வணக்கம். எம்.எஸ்சி. மூலக்கூறு உயிரியல் முடித்து, நெட் தேர்வும் தேறிவிட்டேன். அடுத்த வாரம் ஒரு பிஎச்.டி. நேர்முகம். அந்தப் பேராசிரியரின் ஆய்வகம் முழுக்க மார்பகப் புற்றுநோய் ஸ்டெம் செல்கள்தான், அதாவது கட்டியையே புதிதாக எழுப்பக்கூடிய மூலச் செல்கள். எனக்கு ஆசை. ஆனால் சீனியர் ஒருவர், "அது ஓடி முடிச்ச குதிரைடா, இப்போ யாரும் பணம் கட்ட மாட்டாங்க" என்கிறார்.

இந்த ஆசை வந்ததே செந்துறை மணியைப் பற்றிப் படித்த பிறகுதான். பெங்களூரு இந்திய அறிவியல் கழகத்தில் பிஎச்.டி., அப்புறம் அமெரிக்காவில் வைட்ஹெட் நிறுவனத்தில் புற்றுநோய் ஆய்வாளர் ராபர்ட் வைன்பெர்க்கிடம் போஸ்ட்டாக் (பிஎச்.டி.க்குப் பிந்தைய ஆய்வு), 2008இல் 'செல்' இதழில் முதல் ஆசிரியராக ஒரு கட்டுரை. அதை மூன்று முறை படித்துவிட்டேன். படங்கள் புரிகின்றன. ஆனால் அதை ஏன் எல்லோரும் தூக்கி வைத்துக் கொண்டாடுகிறார்கள் என்பது இன்னும் பிடிபடவில்லை. அதற்கு அப்புறம் துறை எங்கே போனது, அவர் எங்கே போனார் என்று தெரிந்தவர்கள் சொல்லுங்களேன். "சேராதே" என்று சொல்வதானாலும் காரணத்தோடு சொல்லுங்கள்.

#2 பழைய_போஸ்ட்டாக்

தம்பி, 2008ஐப் புரிந்துகொள்ள 2003க்குப் போக வேண்டும். ஏன், அதற்கும் முன்னால் ரத்தப் புற்றுநோய்க்கே போக வேண்டும்.

1990களில் டொராண்டோவில் ஜான் டிக் குழு ஒரு விஷயத்தைக் காட்டியது. கடும் மைலாய்டு லுகேமியா நோயாளியின் ரத்தப் புற்றுச் செல்கள் எல்லாமே எலியில் நோயை உண்டாக்குவதில்லை. மேற்பரப்பில் சிடி34 என்ற புரதம் இருந்து சிடி38 என்ற புரதம் இல்லாத ஒரு சிறு கூட்டம்தான் உண்டாக்குகிறது. 1994இல் ஒரு கட்டுரை, 1997இல் இன்னொன்று. சரி, அது ரத்தம். செல்கள் தனித்தனியாக மிதக்கும், பிரிப்பது எளிது. திடமான கட்டியில் இப்படி ஒரு படிநிலை உண்டா என்பது யாருக்கும் தெரியாது.

2003இல் மிச்சிகன் பல்கலைக்கழகத்தில் முகமது அல்-ஹஜ், மைக்கேல் கிளார்க், மேக்ஸ் விச்சா ஆகியோர் மார்பகப் புற்றுநோயில் அதையே செய்தார்கள். ஒன்பது நோயாளிகளின் மாதிரிகள். பெரும்பாலும் நோய் பரவி நுரையீரலைச் சுற்றிச் சேர்ந்த நீரிலிருந்து எடுத்த செல்கள். மேற்பரப்பில் சிடி44 இருக்கிற, சிடி24 இல்லாத அல்லது மிகக் குறைவாக இருக்கிற செல்களைத் தனியாகப் பிரித்து எலியின் மார்பகக் கொழுப்பில் வைத்தார்கள். நூறு செல்லே போதுமானதாக இருந்தது. கட்டி வந்தது. மற்ற வகையில் பல்லாயிரம் செல்களை வைத்தும் வரவில்லை. ஒன்பதில் எட்டுப் பேரின் மாதிரியில் இதே கதை. இன்னொரு விஷயமும் உண்டு: அந்த நூறிலிருந்து வளர்ந்த கட்டியைப் பிரித்துப் பார்த்தால் அதில் மறுபடியும் எல்லா வகைச் செல்லும் கலந்து இருந்தன.

வயல்காட்டு ஆளுக்கு இது உடனே புரியும். கோரையை மேலே அறுத்துக்கொண்டே இருந்தால் வயல் இரண்டு நாள் சுத்தமாகத் தெரியும். கிழங்கு கீழே கிடக்கும். கீமோ கொடுத்துக் கட்டி சுருங்குகிறது, சில வருடம் கழித்துத் திரும்பி வருகிறதே, அதற்கு இது நல்ல விளக்கமாகப் பட்டது. துறையே அந்தக் கிழங்கைத் தேடிக் கிளம்பியது.

#3 சந்தேகப்பேர்வழி

கிளம்பியது சரி. கிழங்கு கிடைத்ததா?

நான் நோய் எதிர்ப்பியல் ஆள், என் குறை எலிதான். எதிர்ப்புச் சக்தி பாதி போன எலியில் மனிதச் செல்லை வைத்துவிட்டு, "எது வளர்கிறதோ அதுதான் ஸ்டெம் செல்" என்றால் என்ன அர்த்தம்? எலிக்குள் பிழைக்கத் தெரிந்த செல் எது என்றுதானே தெரிகிறது? 2008இல் மெலனோமா என்ற தோல் புற்றுநோயில் இதைச் சோதித்தார்கள். எதிர்ப்புச் சக்தி இன்னும் குறைவான எலி, கூடவே செல் வளரத் துணை செய்யும் மேட்ரிஜெல் என்ற கூழ், காத்திருக்கும் காலமும் அதிகம். பத்து லட்சத்தில் ஒன்று என்று சொல்லிக்கொண்டிருந்த இடத்தில், எந்த வடிகட்டலும் இல்லாமல் எடுத்த செல்களில் நாலில் ஒன்று கட்டி போட்டது! நாலில் ஒன்றை "அரிய ஸ்டெம் செல்" என்று எப்படிச் சொல்வது?

இதில் வேடிக்கை, அந்த 2008 ஆய்வை நடத்திய ஷான் மாரிசன் 2003 மார்பகக் கட்டுரையின் ஆசிரியர்களில் ஒருவர். தான் கட்டியதைத் தானே தட்டிப் பார்த்த மனிதர். அந்த நேர்மைக்கு ஒரு கும்பிடு. துறைக்கு இல்லை.

#4 வெள்ளெலி

எலியைப் பற்றிப் பேச்சு வந்ததால் நானும் வருகிறேன். ஆறு வருடம் இந்த எலிகளோடுதான் குப்பை கொட்டினேன்.

சந்தேகப்பேர்வழி சொல்வது நியாயம்தான். ஆனால் வேறு என்ன சோதனை இருக்கிறது? ஒரு செல் ஸ்டெம் செல்லா என்று அதன் முகத்தைப் பார்த்துச் சொல்ல முடியாது. அது என்ன செய்கிறது என்று பார்த்துத்தான் சொல்ல வேண்டும். அதனால்தான் நீர்த்தல் சோதனை: பத்தாயிரம், ஆயிரம், நூறு, பத்து என்று குறைத்துக்கொண்டே போய், எத்தனை எலியில் கட்டி வருகிறது என்று எண்ணி, கணக்குப் போட்டு விகிதம் சொல்வது. சொல்ல ஒரு வரி. செய்ய எட்டு மாதம்.

எங்கள் இடத்தில் ஒரு மே மாதம் ஏசி நின்றுபோய், ஜெனரேட்டரும் ஓடாமல், ஒரே இரவில் அறுபது எலி போயிற்று. பத்து செல் வைத்த கூண்டுகள் எல்லாம் அதில்தான். எந்த நிறுவனம் என்று கேட்காதீர்கள். கட்டுரையில் அந்தப் புள்ளி இல்லாததற்கு விமர்சகர் விளக்கம் கேட்டார். என்ன எழுதுவது, "கரண்ட் போச்சு" என்றா?

#5 பழைய_போஸ்ட்டாக்

@வெள்ளெலி 😂 எங்களுக்கும் ஒரு முறை அப்படி ஆகியிருக்கிறது.

@மைக்ரோபிப்பெட் இப்போது மணி விஷயத்துக்கு வருகிறேன்.

வைன்பெர்க் ஆய்வகத்தில் அப்போது எல்லோரும் உடைத்துக்கொண்டிருந்த தேங்காய், புற்றுநோய் எப்படிப் பரவுகிறது என்பது. மார்பகப் பால்குழாயின் உள்ளே இருக்கும் எபிதீலியல் செல்கள், பக்கத்துச் செல்லோடு கைகோத்து வரிசையாக உட்கார்ந்திருப்பவை. அப்படிப்பட்ட செல் தனியாகக் கழன்று ரத்தத்தில் ஏறிப் போக வேண்டும் என்றால் முதலில் அந்தக் கையை விட வேண்டும். செல்களை ஒட்டவைக்கும் ஈ-கேட்ஹெரின் புரதத்தைக் குறைத்து, நாடோடிச் செல்களில் இருக்கும் விமென்டின் புரதத்தைக் கூட்டி, நீண்டு மெலிந்த நாடோடிச் செல்லாக மாற வேண்டும். கரு வளரும்போது நடக்கும் இந்த மாற்றத்துக்குத்தான் ஈஎம்டி என்று பெயர்: எபிதீலியல் நிலையிலிருந்து மெசன்கைமல் நிலைக்கு. 2004இல் அதே ஆய்வகம், ட்விஸ்ட் என்ற மரபணு புற்றுநோய் பரவ உதவுகிறது என்று காட்டியிருந்தது.

ஒரு இடத்தில் இடிக்கிறது, கவனி. கழன்று போவது ஒரு திறமை. போன இடத்தில் குடியிருந்து, ஒற்றைச் செல்லாக இருந்து புதுக் கட்டியையே எழுப்புவது வேறு திறமை. இரண்டாவதற்கு ஸ்டெம் செல் போன்ற குணம் வேண்டும். இரண்டும் ஒரே செல்லுக்கு எப்படி வாய்க்கிறது?

மணியும் கூட்டாளிகளும் என்ன செய்தார்கள் என்றால், சாகாமல் வளரும்படி செய்த மனித மார்பக எபிதீலியல் செல்களில் ட்விஸ்ட் அல்லது ஸ்நெயில் மரபணுவைச் செலுத்தினார்கள். இல்லையென்றால் டிஜிஎஃப்-பீட்டா புரதத்தைக் கொடுத்தார்கள். செல்கள் ஈஎம்டி அடைந்தன. அது எதிர்பார்த்ததுதான். அதே செல்களை, மேற்பரப்புப் புரதத்தைச் செல் செல்லாக அளக்கும் ஃப்ளோ சைட்டோமீட்டரில் ஓட்டிப் பார்த்தபோது சிடி44 கூடி, சிடி24 குறைந்திருந்தது. 2003இல் மிச்சிகன்காரர்கள் "இதுதான் கிழங்கு" என்று காட்டிய அதே அடையாளம்! ஸ்டெம் குணத்துக்கு அடையாளமாகக் கொள்ளும், கோளமாக வளரும் மாம்மோஸ்ஃபியர்களும் அதிகமாக வந்தன. புற்றாக்கப்பட்ட செல்களில் செய்தபோது கட்டி உண்டாக்கும் திறனும் கூடியது. அதோடு விடவில்லை. பின்பக்கமாகவும் போய்ப் பார்த்தார்கள். இயல்பான மார்பகத் திசுவிலிருந்தும் கட்டியிலிருந்தும் ஸ்டெம் செல் போன்றவற்றைத் தனியே எடுத்துப் பார்த்தால், அவற்றில் ஈஎம்டி அடையாளங்கள் இருந்தன. முன்னேயும் பொருந்துகிறது, பின்னேயும் பொருந்துகிறது.

கோரைக் கதைக்கு இது என்ன செய்கிறது பார். கிழங்கு வேறு, இலை வேறு என்று நினைத்திருந்தோம். அறுத்துப் போட்ட இலையே சரியான ஈரம் கிடைத்தால் கிழங்காகிவிடும் என்கிறது இந்தக் கட்டுரை. ஸ்டெம் செல் என்பது ஒரு சாதி இல்லை, ஒரு நிலை. செல் அதற்குள் போகலாம், வெளியே வரலாம். கொண்டாடுவதற்குக் காரணம் அதுதான்.

#6 மைக்ரோபிப்பெட்

அண்ணா, இப்போதுதான் உறைத்தது. மூன்று முறை படித்தும் அந்த "பின்பக்கமாகப் போனது" எனக்குத் தட்டுப்படவே இல்லை. எல்லாவற்றையும் ஒரே வரிசைச் சோதனைகளாகத்தான் பார்த்தேன்.

#7 தஞ்சைமகள்

மன்னிக்கணும், நான் அறிவியல் ஆள் இல்லை. கூகுளில் தேடும்போது இந்த இழை வந்தது.

அம்மாவுக்கு 58 வயது. இடது மார்பில் அறுவை, எட்டு கீமோ, ரேடியேஷன் எல்லாம் போன வருடம் முடிந்தது. இப்போது மாத்திரை மட்டும். உறவினர் ஒருவர், "ஸ்டெம் செல் ஊசி போட்டால் திரும்ப வராது" என்று ஒரு இடத்தின் விளம்பரத்தை அனுப்பினார். சில லட்சம் கேட்கிறார்கள். இங்கே வந்து பார்த்தால் ஸ்டெம் செல்தான் புற்றுநோய்க்கே காரணம் என்று பேசுகிறீர்கள். எனக்குத் தலை சுற்றுகிறது. ஊசி போடலாமா, கூடாதா? சிடி44 டெஸ்ட் எடுத்துப் பார்க்க வேண்டுமா?

#8 ஓபிடி_டாக்டர்

அம்மா, பதற வேண்டாம். அந்த ஊசி வேண்டாம். பணம் கட்டியிருந்தால் திரும்பக் கேளுங்கள்.

பெயர் ஒன்றாக இருப்பதால் வந்த குழப்பம் இது. இவர்கள் பேசுவது, கட்டிக்குள்ளேயே இருக்கும் சில செல்கள் ஸ்டெம் செல் போல நடந்துகொள்வதைப் பற்றி. விளம்பரக்காரர்கள் விற்பது, எங்கிருந்தோ எடுத்த செல்களை உடம்பில் செலுத்துவது. இரண்டுக்கும் சம்பந்தமில்லை. மார்பகப் புற்றுநோய் திரும்பாமல் இருக்க அப்படி ஒரு நிரூபிக்கப்பட்ட ஊசி கிடையாது. நம் நாட்டில் ஐசிஎம்ஆர் (இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம்) 2017 வழிகாட்டுதல்படி, சில ரத்த நோய்கள் போன்றவற்றுக்குச் செய்யும் எலும்பு மஜ்ஜை மாற்று சிகிச்சை மட்டும்தான் வழக்கமான சிகிச்சையாக ஏற்கப்பட்டது. மற்றதெல்லாம் முறையான ஆய்வுக்குள் நடக்க வேண்டும், ஆய்வில் சேரும் நோயாளியிடம் பணம் வாங்கக்கூடாது.

ஒரு பழைய கதையும் சொல்கிறேன். 1990களில் மார்பகப் புற்றுநோய்க்கு மிக அதிக அளவு கீமோ கொடுத்து, அழிந்த மஜ்ஜையை நோயாளியின் சொந்த ஸ்டெம் செல்லாலேயே மீட்கும் சிகிச்சை அமெரிக்காவில் ஆயிரக்கணக்கான பெண்களுக்குச் செய்யப்பட்டது. நோயாளிகள் வழக்குப் போட்டுக் காப்பீட்டில் பணம் வாங்கினார்கள். பிறகு ஒழுங்கான ஒப்பீட்டு ஆய்வுகள் வந்தபோது, வழக்கமான சிகிச்சையை விட அது ஆயுளைக் கூட்டவில்லை என்று தெரிந்தது. பெரிய பலன் காட்டிய தென்னாப்பிரிக்க ஆய்வைத் தணிக்கை செய்தபோது அதில் மோசடி இருந்தது 2000இல் வெளியானது. ஆசையைக் காட்டினால் உலகம் முழுக்கக் கூட்டம் சேரும்.

சிடி44 டெஸ்ட் தேவையில்லை. அதன் முடிவைப் பார்த்து நாங்கள் எந்த மருந்தையும் மாற்றுவதில்லை. அம்மாவின் பயாப்ஸி அறிக்கையில் ஈஆர், பிஆர் (ஹார்மோன் ஏற்பிகள்), ஹெர்2 (ஒரு புரதம்) என்று மூன்று இருக்கும். சிகிச்சை அதை வைத்துத்தான். மாத்திரை என்றால் பெரும்பாலும் ஹார்மோன் மாத்திரையாக இருக்கும். அதை நாள் தவறாமல் சாப்பிடச் சொல்லுங்கள், சொன்ன தேதியில் பரிசோதனைக்குப் போங்கள். மற்றதை உங்கள் மருத்துவரிடமே கேளுங்கள். இணையத்தில் யாரோ ஒருவன் சொன்னான் என்று, என்னையும் சேர்த்துத்தான், முடிவெடுக்க வேண்டாம்.

#9 தஞ்சைமகள்

ரொம்ப நன்றிங்க டாக்டர். பணம் கட்டவில்லை. ஹெர்2 நெகட்டிவ், ஈஆர் பாசிட்டிவ் என்று அறிக்கையில் இருக்கிறது. மாத்திரையை நடுவில் பத்து நாள் விட்டுவிட்டாங்க, மூட்டு வலி என்று. நாளைக்கே டாக்டரிடம் சொல்கிறேன்.

#10 ஓபிடி_டாக்டர்

மூட்டு வலிக்கு வழி உண்டு, மருந்தை மாற்றியும் கொடுப்பார்கள். கட்டாயம் சொல்லுங்கள். நீங்களாக நிறுத்த மட்டும் வேண்டாம்.

#11 சொல்லேருழவன்

நடுவில் ஒரு வார்த்தை. இவ்வளவு நேரம் "ஸ்டெம் செல்" என்றே எழுதுகிறீர்களே, தண்டுச்செல் என்றால் என்ன குறைந்துவிடும்?

#12 சந்தேகப்பேர்வழி

தண்டுச்செல் தப்புங்க ஐயா. ஸ்டெம் என்றவுடன் செடியின் தண்டு என்று நினைத்து மொழிபெயர்த்துவிட்டார்கள். 1868இல் எர்ன்ஸ்ட் ஹெக்கெல் ஜெர்மனில் ஷ்டாம்செல்லே என்று எழுதியபோது அவர் மனதில் இருந்தது வம்சாவளி மரம். எல்லாக் கிளைக்கும் மூலமான அடிமரம். தண்டு இல்லை.

#13 சொல்லேருழவன்

அப்படியானால் குருத்தணு? வாழைக்குருத்து, பனங்குருத்து. வெட்டினாலும் உள்ளிருந்து புதிதாக வருவது குருத்துதானே.

#14 வெள்ளெலி

குருத்தணு அழகாகத்தான் இருக்கிறது. ஆனால் "புற்றுநோய்க் குருத்தணு" என்று ஆய்வகத்தில் சொன்னால் எலியே சிரிக்கும்.

#15 மட்டுறுத்துநர்

சொல்லாக்கத்துக்குத் தனி இழை இருக்கிறது, அங்கே போகவும். இங்கே தலைப்புக்குத் திரும்புங்கள்.

#16 சந்தேகப்பேர்வழி

திரும்புகிறேன். மருந்து எங்கே?

2009இல் அதே வைன்பெர்க் வட்டாரத்திலிருந்து பியூஷ் குப்தா முதல் ஆசிரியராக ஒரு கட்டுரை. ஈஎம்டி அடையச் செய்த மார்பகச் செல்களை வைத்து ஏறக்குறைய 16,000 சேர்மங்களைச் சோதித்தார்கள். வென்றது சாலினோமைசின். கோழிப்பண்ணைக்காரர்களுக்குத் தெரியும், தீவனத்தில் ரத்தக்கழிச்சல் வராமல் இருக்கக் கலப்பது. பாக்லிடாக்ஸெல் என்ற வழக்கமான கீமோ மருந்தோடு ஒப்பிட்டால் ஸ்டெம் செல் விகிதத்தை நூறு மடங்குக்கு மேல் குறைத்தது. நாமக்கல் கோழிக்குப் போடுகிற மருந்து புற்றுநோயைத் தீர்க்கும் என்று செய்தித்தாள்கள் குதித்தன. மனிதருக்கு அது நஞ்சு. அப்படியே மாத்திரையாக்க முடியவில்லை.

அப்புறம் கம்பெனிகள். கிளார்க்கும் விச்சாவும் சேர்ந்து தொடங்கிய ஆன்கோமெட், ஸ்டெம் செல்களின் சமிக்ஞைப் பாதைகளைத் தடுக்கும் எதிர்ப்புரதங்களை வைத்து ஓடியது. 2017இல் அடுத்தடுத்து ஆய்வுகள் தோற்றன. வைன்பெர்க் பெயர் இருந்த வெராஸ்டெம் கம்பெனி, டெஃபாக்டினிப் என்ற மருந்தை நுரையீரல் உறைப் புற்றுநோயில் சோதித்து, பலனில்லை என்று 2015இல் நிறுத்தியது. ஈஆர், பிஆர், ஹெர்2 மூன்றும் இல்லாத மும்மை எதிர்மறை மார்பகப் புற்றுநோயில் கீமோவோடு ரெபாரிக்ஸின் என்ற மருந்தைச் சேர்த்துப் பார்த்த ஆய்விலும் நோய் வளராமல் இருக்கும் காலம் கூடவில்லை. பணம் கட்டாததற்கு இதைவிடக் காரணம் வேண்டுமா?

#17 ஓபிடி_டாக்டர்

சின்னத் திருத்தம். டெஃபாக்டினிப் செத்துப் போகவில்லை. 2025 மே மாதம், இன்னொரு மருந்தோடு சேர்த்து, ஒரு வகைச் சினைப்பைப் புற்றுநோய்க்கு அமெரிக்காவில் அனுமதி கிடைத்தது. ஆனால் நீங்கள் சிரிப்பீர்கள் என்று தெரியும்: ஸ்டெம் செல்லைக் கொல்கிறது என்பதற்காகக் கிடைத்த அனுமதி இல்லை அது.

அப்புறம் "கீமோவுக்குத் தப்பும் செல்கள்" வெறும் எலிக்கதை என்று விட்டுவிடாதீர்கள். 2008இல் வந்த ஒரு ஆய்வில், அறுவைக்கு முன் கீமோ பெற்ற நோயாளிகளின் கட்டியிலேயே, சிகிச்சைக்குப் பிறகு சிடி44 உள்ள சிடி24 இல்லாத செல்களின் பங்கு கூடியிருந்தது. நான் தினமும் பார்ப்பதும் அதுதான். எது மிஞ்சுகிறதோ அதுதான் திரும்ப வருகிறது. அதற்கு ஸ்டெம் செல் என்று பெயர் வைப்பதா வேண்டாமா என்பது உங்கள் சண்டை.

#18 மைக்ரோபிப்பெட்

மணி அதற்கு அப்புறம் என்ன செய்தார் என்று யாரும் சொல்லவில்லையே?

#19 பழைய_போஸ்ட்டாக்

ஹூஸ்டனில் எம்.டி. ஆண்டர்சன் புற்றுநோய் மையத்தில் சொந்த ஆய்வகம் தொடங்கினார். அங்கே பல ஆண்டுகள். பிறகு ரோட் ஐலண்டில் பிரௌன் பல்கலைக்கழகம்.

போஸ்ட்டாக் காலத்தில் பெரிய கட்டுரை போட்டவர்களில் இரண்டு ரகம் உண்டு. சிலர் அந்த ஒரே தவிலைக் கடைசிவரை அடிப்பார்கள். சிலர் அதே கேள்வியைப் பிடித்துக்கொண்டு கீழே இறங்குவார்கள். மணி இரண்டாம் ரகம் என்று எனக்குப் படுகிறது. 2007இலேயே ஃபாக்ஸ்சி2 என்ற மரபணு, பரவும் தன்மைக்கும் முரட்டு ரக மார்பகப் புற்றுநோய்க்கும் தொடர்புள்ளது என்று எழுதியிருந்தார். ஹூஸ்டனில் அதையே பிடித்துக்கொண்டு போனார். காரணம் எளிது. ட்விஸ்ட், ஸ்நெயில், டிஜிஎஃப்-பீட்டா எதைத் தட்டினாலும் ஈஎம்டி நடக்கிறது. எல்லாம் போய்ச் சேரும் பொது வாசல் ஒன்று இருந்தால் அதைப் பூட்டலாம் அல்லவா? 2013இல் அந்தக் குழு, ஃபாக்ஸ்சி2 ஈஎம்டியையும் ஸ்டெம் செல் குணத்தையும் இணைக்கிறது என்று காட்டியது.

இன்னொரு வழி ஜிடி2. 2012இல் எம்.டி. ஆண்டர்சனில் மைக்கேல் ஆண்ட்ரீஃப் குழுவோடு சேர்ந்து, ஜிடி2 என்ற சர்க்கரை-கொழுப்பு மூலக்கூறு மார்பகப் புற்றுநோய் ஸ்டெம் செல்லை அடையாளம் காட்டுகிறது என்று வெளியிட்டார்கள். சிடி44ஐ விட இது எனக்குப் பிடிக்கும். சிடி44 உடம்பில் பல இடத்தில் இருக்கிறது, அதை நோக்கி மருந்தை ஏவினால் ஊரே பாதிக்கப்படும். ஜிடி2 அப்படிப் பரவலாக இல்லை. அதற்கு எதிரான டினுடக்ஸிமாப் என்ற எதிர்ப்புரத மருந்து 2015இல் குழந்தைகளின் நியூரோபிளாஸ்டோமா என்ற நரம்புச் செல் புற்றுநோய்க்கு அனுமதி பெற்றது. நரம்பிலும் ஜிடி2 இருப்பதால் குழந்தைகளுக்குக் கடும் வலி வரும், அதுவும் உண்மை. மார்பகப் புற்றுநோய்க்கு இன்னும் சிகிச்சையாக வரவில்லை.

@சந்தேகப்பேர்வழி தோற்ற மருந்துகளின் பட்டியல் சரி. ஆனால் அவை பெரும்பாலும் "கிழங்கைத் தோண்டி எடுத்துவிடலாம்" என்ற கணக்கில் செய்தவை. 2011இல் வைன்பெர்க் ஆய்வகத்திலிருந்தே கிறிஸ்டின் சாஃபர் காட்டினார்: ஸ்டெம் இல்லாத செல்கள், யாரும் எந்த மரபணுவையும் செலுத்தாமலே, தாமாக ஸ்டெம் போன்ற நிலைக்குத் திரும்புகின்றன. குப்தாவும் அதே ஆண்டு, செல்களை வகை பிரித்து வளர்த்தால் கொஞ்ச நாளில் பழைய விகிதத்துக்கே வந்து நிற்கின்றன என்று கணக்கோடு காட்டினார். எல்லாக் கிழங்கையும் பிடுங்கினாலும் இலை மறுபடி கிழங்காகும் என்றால் பிடுங்குகிற மருந்து மட்டும் போதுமா?

#20 சந்தேகப்பேர்வழி

அதைத்தானே நானும் சொல்கிறேன்! எது வேண்டுமானாலும் எதுவாகவும் மாறும் என்றால் "ஸ்டெம் செல்" என்ற பெயருக்கே என்ன வேலை?

ஒன்றை ஒப்புக்கொள்கிறேன். 2012இல் ஒரே மாதத்தில் மூன்று ஆய்வுகள் வந்தன. குடல், தோல், மூளை. எலியின் சொந்தக் கட்டியிலேயே, எங்கும் மாற்றி வைக்காமல், ஒரு செல்லுக்கு நிறமிட்டு அதன் வாரிசுகளைத் தொடர்ந்தார்கள். படிநிலை இருப்பது தெரிந்தது. அதற்கு நான் வாய் திறக்கவில்லை. ஆனால் அந்த மூன்றிலும் மார்பகம் இல்லை.

ஈஎம்டி பக்கமும் 2015ஐ மறந்துவிட்டீர்கள். 'நேச்சர்' இதழில் ஒரே நேரத்தில் இரண்டு கட்டுரைகள். ஒன்று மார்பகப் புற்றுநோய் எலியில், இன்னொன்று கணையத்தில். ஈஎம்டி இல்லாமலே புற்றுநோய் பரவுகிறது என்றார்கள்.

#21 பழைய_போஸ்ட்டாக்

மறக்கவில்லை. அந்த வாரம் எங்கள் ஆய்வகத்தில் யாரும் ஒழுங்காகச் சாப்பிடவில்லை.

மார்பக ஆய்வில் ஈஎம்டி அடைந்த செல்லைக் கண்டுபிடிக்க முக்கியமாக எஃப்எஸ்பி1 என்ற அடையாளப் புரதத்தை நம்பியிருந்தார்கள். ஈஎம்டி அடைந்த பல செல்களில் அது எரியவே எரியாது என்று 2017இல் மறுப்பு வந்தது. அதற்குப் பதிலும் வந்தது. சண்டை முடியவில்லை. ஆனால் அந்த இரண்டு கட்டுரைகளையும் கடைசிவரை படித்தவர்கள் குறைவு. பரவுவதற்கு ஈஎம்டி தேவையில்லை என்று சொன்ன அதே கட்டுரைகள், கீமோவைத் தாங்குவதற்கு ஈஎம்டி உதவுகிறது என்றும் சொல்கின்றன. டாக்டர் தினமும் பார்ப்பதாகச் சொன்னது அந்த இடம்தான்.

இப்போது பலர் நிற்பது நடுவழியில். முழு எபிதீலியலும் இல்லை, முழு மெசன்கைமலும் இல்லை, பாதி ஈஎம்டி. 2019இல் வைன்பெர்க் ஆய்வகம், மார்பகச் செல்களில் அந்த நடுநிலைதான் கட்டி உண்டாக்க வேண்டும் என்றும், முழுதாக மெசன்கைமல் பக்கம் தள்ளினால் அந்தத் திறன் ஈடாகாது என்றும் காட்டியது. பெங்களூரில் மோஹித் குமார் ஜாலி குழு, மணி பிஎச்.டி. படித்த அதே இந்திய அறிவியல் கழகத்தில், இந்த நடுநிலை எப்படி நிலைத்து நிற்கிறது என்று கணித மாதிரிகளால் ஆராய்கிறது. தம்பி, உன் நேர்முகத்தில் 2003ஐ விட இதைத்தான் கேட்பார்கள். பெயருக்கு என்ன வேலை என்று சந்தேகப்பேர்வழி கேட்டார். வினைச்சொல்லாக வைத்துக்கொள்ளுங்கள் என்பேன். செல் "ஸ்டெம்முகிறது". சொல்லேருழவன் ஐயா மன்னிக்கவும்.

#22 வெள்ளெலி

நேர்முகத்துக்கு நான் ஒன்று தருகிறேன். மாம்மோஸ்ஃபியர் படத்தைக் காட்டி ஏதாவது கேட்டால் உஷாராக இரு. ஒட்டாத தட்டில் செல்லை அடர்த்தியாக விட்டால் அவை ஒன்றோடொன்று ஒட்டி உருண்டையாகும். பார்க்க அசல் கோளம் மாதிரியே இருக்கும். ஒரு செல்லிலிருந்து வளர்ந்ததா, பத்து செல் கூடிக் கும்மியடிக்கிறதா என்று எண்ணுகிறவருக்குத் தெரியாது. எத்தனை கட்டுரைகள் இந்த உருண்டைகளில் ஓடியிருக்கின்றன என்று நினைத்தால் வயிறு கலங்கும்.

சிடி24 "குறைவு", "அதிகம்" என்று செல்களைப் பிரிக்கப் போடும் கோடும் அப்படித்தான். ஃப்ளோ படத்தில் "குறைவு" எங்கே முடிகிறது என்று யாரும் கல்லில் எழுதி வைக்கவில்லை. கோட்டை அரை அங்குலம் தள்ளினால் இரண்டு சதவீதம் இருபது ஆகிவிடும்.

#23 மைக்ரோபிப்பெட்

நேர்முகம் முடிந்தது. இடம் கிடைத்துவிட்டது!

வெள்ளெலிக்கு ஒரு பிரியாணி கடன். மேடம் லேப்டாப்பைத் திருப்பி, கோளங்கள் உள்ள ஒரு படத்தைக் காட்டி, "இது வளர்ந்ததா, ஒட்டினதா? எப்படிச் சொல்வே?" என்றார். பாதிச் செல்லுக்குப் பச்சை, பாதிக்குச் சிவப்பு நிறமேற்றிக் கலந்து வைப்பேன், கோளம் ஒரே நிறமாக வந்தால் வளர்ந்தது, கலந்து வந்தால் ஒட்டியது என்றேன். "அதிலும் ஒரு ஓட்டை இருக்கு, என்ன?" என்றார். கொஞ்சம் திணறி, பச்சையும் பச்சையும் ஒட்டினால் ஒரே நிறமாகத்தான் தெரியும், அதனால் செல்லை மிகக் குறைவாக விட வேண்டும் என்றேன். தலையாட்டினார். மணி கட்டுரை பற்றியும் கேட்டார். பின்பக்கமாகப் போனதைச் சொன்னேன்.

கடைசியில் நானே கேட்டுவிட்டேன், இது ஓடி முடித்த குதிரையா மேடம் என்று. "குதிரையைப் பத்தித் தெரியாது, போன மாசம் ஃப்ளோ மெஷின் லேசர்தான் போயிடுச்சு. நீ சேரும்போது சரியாயிருக்கும்" என்றார்.

#24 சந்தேகப்பேர்வழி

வாழ்த்துகள். முதல் வருடம் முடிந்ததும் இங்கே வந்து எத்தனை சதவீதம் என்று சொல். கோட்டை எங்கே போட்டாய் என்பதையும் சேர்த்து.

#25 பழைய_போஸ்ட்டாக்

வாழ்த்துகள் தம்பி. சேர்ந்ததும் முதல் வேலையாக டிரிப்சினைக் கவனி, புரதத்தைக் கடிக்கும் நொதி அது. தட்டிலிருந்து செல்லைக் கழற்ற அதிக நேரம் விட்டால் மேற்பரப்புப் புரதங்களையும் சேர்த்துக் கடித்துவிடும், அப்புறம் சிடி44 குறைந்துவிட்டது என்று புதுக் கண்டுபிடிப்போடு வந்து நிற்பாய். நான் அப்படி நின்றிருக்கிறேன். மூன்று மாதம் போயிற்று.